கரையேறியதும் பார்த்த பிரஷர்

நீச்சல் குளத்தில் கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி கொடுப்பவளை எல்லோரும் நீச்சலக்கா என்றே கூப்பிட்டார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க வருகிறவர்களை நெஞ்சளவுத் தண்ணீரில் நடக்கவிடுவாள். காலில் தேங்கிய நீரைக் குளத்து நீரே அழுத்தி மேலேற்றும், இதயம் பதறாமல் வேலை செய்யும், பிரஷரும் தணியும். கரையேறும்போது அத்தனை முகத்திலும் ஒரு தெளிச்சி.

பிரஷரை அவள் அப்போதுதான் பார்ப்பாள். வந்ததும் பார்த்தால் படியேறிய படபடப்பில் ஏறித்தானே காட்டும், பாவம், பிள்ளைத்தாச்சிகள் சும்மா பயப்படுவானேன் என்பது அவள் நியாயம். பதறாத காரியம் சிதறாதாம்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான அவள் தங்கையும் அங்கேதான் வந்தாள். ஒருநாள் தலைவலிக்கிறது என்றாள். தங்கை வீட்டுக்காரர், "டாக்டர்கிட்ட சொன்ன தேதிக்கு முன்னாடியே போயிடலாமா, அண்ணி?" என்று இழுத்தார்.

"இப்பதான பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு. நீங்க வேற, அவளைப் பயமுறுத்தாதீங்க."

அந்த வாரம் குளத்தைக் கழுவுவதற்காக மூடினார்கள். தங்கை அக்கா வீட்டுக்கு வந்து, "கண்ணு மங்கலா இருக்குக்கா" என்று சோபாவில் சாய்ந்தாள். முகம் ஊதியிருந்தது. நீச்சலக்கா பிரஷர் பார்த்தாள். எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மறு கையில் பார்த்தாள். அதிலும் அதேதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "இத்தனை நாள் எப்பப்பம்மா பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"தண்ணியிலேருந்து ஏறினதும்."

"தண்ணி கொஞ்ச நேரம் தணிச்சுக் காட்டும்மா. வீட்டுக்குப் போனா பழையபடி ஏறியிருக்கும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. டாக்டரம்மா திட்டவில்லை. ஊசி போட்டும் பிரஷர் இறங்கவில்லை, குழந்தையை இப்பவே எடுத்தாகணும், மாசம் நிறையலை, எதையும் உறுதியா சொல்ல முடியாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் நீட்டிய காகிதத்தில் தங்கை வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

தங்கையைத் தள்ளுபடுக்கையில் ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை கொண்டுவந்துவிட்டார்கள். அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவங்ககிட்ட சொல்லேன். என்னை ஒரு தடவ குளத்துல இறக்கினா போதும். நீ பார்த்தா எனக்கு எப்பவும் நல்லாத்தான இருக்கும்."