தாட்சாயினி ரீச்சருக்கான போராட்டம்

மல்லாவிச் சந்தையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால், கடைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் அந்தப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்பு வரை. என் மாமாவின் மகள் தாட்சாயினி அங்கே கணிதம் படிப்பிக்கிறாள்; நாங்கள் ஒருத்தியை ஒருத்தி மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். கஷ்டப் பிரதேசத்தில் செய்யவேண்டிய காலத்தைச் செய்து முடித்தால் வீட்டுப் பக்கம் மாற்றம் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் முதல் நியமனத்தில் அங்கே போனாள். பதினைந்து வருடமாகிவிட்டது.

இதற்கிடையில் அவளுக்குக் கலியாணம் நடந்தது. கணவர் ஜெயந்தனுக்கு வவுனியாவில் ஓர் அச்சகத்தில் வேலை. மகள் சுரேகாவையும் படிப்புக்காக வவுனியாவிலேயே, ஜெயந்தனின் அக்கா வீட்டில் விட்டிருந்தார்கள். தாட்சாயினி சந்தைக்குக் கிட்ட ஒரு வாடகை வீட்டில் தனியே இருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில் போவாள், ஞாயிறு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள்.

அவள் நல்லாகப் படிப்பித்தாள். அதுதான் வினையாகிப் போனது. விகிதத்தை மருந்து தெளிக்கிற தாங்கியை வைத்து விளங்கப்படுத்துவாள். இத்தனை லீற்றர் தண்ணிக்கு இத்தனை மூடி மருந்து, கூடினால் பயிர் எரியும், குறைந்தால் புழு சிரிக்கும் என்பாள். பிள்ளைகள் அதை மறப்பதில்லை. கணக்குச் சோதனையில் சித்தியடையாவிட்டால் உயர்தர வகுப்பு கிடையாது. உயர்தரம் இல்லாவிட்டால் பெடியன் தகப்பனோடு வயலுக்கு, பெட்டை ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு. இவள் வந்த பிறகு அந்த ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்கே பிள்ளைகள் போயிருக்கிறார்கள். அயல் பள்ளிக்கூடங்களுக்கு வந்த கணக்கு ஆசிரியர்களோ மழைக்குருவி மாதிரி. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

போன வருடம் சுரேகா பெரியபிள்ளையான அன்று தாட்சாயினி பத்தாம் வகுப்புச் சோதனைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். செய்தி வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. தாய் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைக்கு முதல் தண்ணியை அவளுடைய மாமி, ஜெயந்தனின் அக்கா, வார்த்து முடித்திருந்தா. அதற்குப் பிறகு அவள் மறுபடியும் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தாள். அதுவரை அவளுடைய விண்ணப்பங்கள் அரை மனதோடு போனவை. இந்த முறை முழு மனதோடு போனது, கிடைத்தும் விட்டது. சுரேகா படிக்கிற பள்ளிக்கூடத்திலேயே. ஒரு நிபந்தனை மட்டும்: குறித்த திங்கட்கிழமை அங்கே கடமையேற்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

நான் நோர்வேயிலிருந்து விடுமுறைக்குப் போய் அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய வாரம் அவளோடு நின்றேன். அதிபர் ராஜரத்தினத்தைத் தவிர ஊரில் ஒருவருக்கும் அவள் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை.

"ஏன் மச்சாள் ஒளிக்கிறாய்? இதென்ன களவே?" என்றேன்.

"சொன்னால் பிரியாவிடை வைப்பினம். சேலை தருவினம், பிள்ளையள் அழுவினம், நானும் அழுவன். பிறகு எப்பிடிப் போறது? வெள்ளிக்கிழமை பின்னேரம் சொல்லிப்போட்டு பஸ்ஸில ஏறிடுவன்."

நான் இருக்கிற நாட்டில் ஒரு வேலையை விட்டுப் போக ஒரு கடிதம் போதும். யாரும் படலைக்கு வந்து நிற்கமாட்டார்கள். இங்கே எங்கிருந்தோ கதை கசிந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறி நானும் போனபோது, பள்ளிக்கூடப் படலை சங்கிலி போட்டுப் பூட்டிக் கிடந்தது. வெளியே தாய்மார், தகப்பன்மார், சீருடையோடு பிள்ளைகள், இரண்டு உழவு இயந்திரங்கள். அட்டைகளில், 'எங்கள் கணித ஆசிரியரைப் பறிக்காதே', 'பழிவாங்கும் இடமாற்றம் வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். முன்பு விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் கேட்டும் இப்படித்தான் பூட்டினார்களாம். அந்த முறை வென்றார்களாம்.

பொலிஸ் வருமோ, யாராவது படம் பிடித்துப் போடுவார்களோ, அவளுக்கு ஏதும் வந்துவிடுமோ என்று நான் யோசித்தேன். அவளை இறங்கவே விடாமல் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று தோன்றியது. அதற்குள் அமராவதி என்ற ஒரு தாய் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துவிட்டா.

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ ரீச்சர். ஆரோ உங்களைப் பிடிக்காதவன் செய்த வேலை. நாங்கள் விடமாட்டம்!"

வேப்பமரத்தின் கீழே ஒரு கதிரை போட்டு அவளை இருத்தினார்கள். கையில் ஒரு சோடாப் போத்தலைக் கொடுத்தார்கள். போராட்டம் முழுவதும் அவளுக்காகத்தான் நடந்தது. அவளை மட்டும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு கல்விப் பணிமனையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வியர்த்துக் களைத்த மனிதர். நேரே தாட்சாயினியிடம் வந்தார்.

"மிஸ், நீங்கள் விரும்பிக் கேட்ட மாற்றம்தானே இது? நீங்களே உங்கட வாயால ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. சனம் கலைஞ்சிடும்."

அவள் சோடாப் போத்தலோடு எழுந்தாள். வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொன்னாள்.

"நான்தான் கேட்டனான். என்ர பிள்ளை வவுனியாவில இருக்கிறாள். எனக்கு அவளோட இருக்கவேணும். ஒருத்தரும் என்னைத் துரத்தேல்லை."

முடிந்தது என்று நான் நினைத்தேன்.

"பாத்தியளோ!" என்று அமராவதி கத்தினா. "மனுசியை வெருட்டிச் சொல்லவைக்கிறாங்கள்! பயப்பிடாதேங்கோ ரீச்சர்!"

அதோடு முன்பைவிடப் பெரிய சத்தம் எழுந்தது. பின்னாலிருந்து ஒருவர், "பிள்ளையை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ ரீச்சர், எங்கட பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை?" என்றார். "கணக்கு ரீச்சர் போகப்போறா, அதுதான் குறை" என்று இன்னொருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். தாட்சாயினி மறுபடி கதிரையில் இருந்துவிட்டாள்.

பெற்றோர் சங்கத் தலைவர் வீரபாகு அதுவரை படலையடியில் நின்றவர், மெல்ல வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். சிறுவயதில் கலவரத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். இத்தனை வருடமாகியும் பேச்சில் மலைநாடு போகவில்லை. அவருடைய மகள் அந்த வருடம் பதினோராம் வகுப்பு.

"நான் சொன்னது பொய்யில்லை, வீரபாகு அண்ணை" என்றாள் தாட்சாயினி. "நான்தான் கேட்டனான்."

"தெரியும் டீச்சர்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நீங்க கேட்டுத்தான் கெடச்சிச்சின்னு கதை காதுல விழுந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். அவங்களுக்குத்தான் சொல்லல்ல. உங்களுக்கு எதிரா நாங்க எப்படிங்க நிக்கிறது? அதான் உங்களுக்காக நிக்கிறோம்."

அவர் அதை மரியாதையோடுதான் சொன்னார். அதுதான் என்னைப் பயப்படுத்தியது. கோபக்காரன் என்றால் சண்டை பிடிக்கலாம்.

"உங்கட பிள்ளைக்குத் தாய் பக்கத்தில இருக்கிறா தானே அண்ணை?"

வீரபாகு நிலத்தைப் பார்த்தார். மனம் இளகிவிட்டார் என்றே நினைத்தேன்.

"இருக்காங்க டீச்சர்" என்றார். "ஆனா அம்மாவுக்குக் கணக்குத் தெரியாதே."

பிறகு எழுந்து படலையடிக்குப் போய்விட்டார்.

மத்தியானம் அளவில் அதிகாரி அதிபரோடு கதைத்துவிட்டு முடிவைச் சொன்னார்: பதிலுக்கு ஓர் ஆசிரியர் வரும்வரை தாட்சாயினியை விடுவிப்பதில்லை.

"அவர் எப்ப வருவார்?" என்று நான் கேட்டேன்.

"வருவார்" என்றார் அதிகாரி.

"திங்கட்கிழமைக்கு முதல் வருவாரோ?"

அவர் வாகனத்தில் ஏறிவிட்டார். படலை திறந்தது. யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். அதிபர் ராஜரத்தினம் தாட்சாயினியின் முகத்தைப் பாராமல், "மிச்சப் பாடங்களை எண்டாலும் நடத்துவம், மிஸ்" என்றார். அவள் பதினோராம் வகுப்புக்குப் போனாள். என்ன படிப்பித்தாளோ தெரியாது. யன்னலால் பார்த்தபோது கரும்பலகை நிறைந்திருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் சுரேகாவுக்குப் போன் எடுத்தாள். அழுவாள் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

"சரியம்மா" என்றாள் சுரேகா. "உங்களுக்கெண்டு அறையை ஒதுக்கவேண்டாம் எண்டு மாமியிட்டச் சொல்லிவிடுறன்." பிறகு ரியூசனுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கமான வவுனியா பஸ்ஸுக்கு அவளோடு நானும் வெளிக்கிட்டு நின்றேன். அப்போது வாசலில் உழவு இயந்திரச் சத்தம். வீரபாகுவும் இன்னும் மூன்று தகப்பன்மாரும். உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஒரு பெரிய கறுப்புத் தண்ணித் தாங்கி, குழாய்கள், கல், மண், இரண்டு சீமெந்துப் பை.

"இனிக் கெணத்தடிக்குப் போய் அள்ள வேணாம் டீச்சர். எல்லாருமாச் சேந்து வாங்கினது. எங்க வைக்கிறது?"

தாட்சாயினி வேலிப்பக்கமாக ஓர் இடத்தைக் காட்டினாள்.

"கல்லை அடுக்கி மேல வையுங்கோ அண்ணை. அது காணும். கட்டத் தேவையில்லை."

"சரிங்க டீச்சர்" என்றார் வீரபாகு. சொல்லிக்கொண்டே சீமெந்துப் பையைப் பிரித்து மண்ணில் கொட்டினார். மற்றவர்கள் அத்திவாரத்துக்குக் கிடங்கு வெட்டத் தொடங்கினார்கள்.

சந்தைப் பக்கத்தில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். வளவுக்குள் நாலு பேர் வெயிலில் நின்று வேலை செய்கிறார்கள். வாய் நனைக்க ஒன்றும் கொடுக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிற வழக்கம் அங்கே இல்லை. அவள் தோளிலிருந்த பையைக் கதிரையில் வைத்தாள். "மச்சாள், அந்தப் பெரிய தேத்தண்ணிக் கேத்திலை எடு" என்றுவிட்டுக் குசினிக்குள் போனாள்.