பறங்கிக் கப்பலும் எங்கள் பாரும்

மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனாலும் கடப்பாக்கத்தில் மீசை முளைக்கும் முன்பே சொந்தக் கட்டுமரம் வைத்தவன் நான் ஒருவன்தான். கடலடியில் மீன் கூடும் பாறையை 'பார்' என்போம். கரையில் தெரியும் பழைய கோட்டைச் சுவரையும் ஒற்றைப் பனையையும் ஒரே நேர்கோட்டில் அடையாளம் வைத்து நானே கண்டுபிடித்த பார் ஒன்று உண்டு. என்னையும் என் மைத்துனனையும் தவிர அது யாருக்கும் தெரியாது.

எழுபதுகளில் விசைப்படகுகள் வடக்கேயிருந்து வந்து கடலை வழித்துக்கொண்டு போன நேரம். அப்போது பட்டணத்துப் பேராசிரியர் ஒருவர் வந்தார். போர்ச்சுகல் பறங்கி ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த கதையைச் சொன்னார். கடலில் போக அவனிடம் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் பீரங்கியால் அடிப்பானாம்.

"கடலு இன்னா அவன் அப்பன் வூட்டு சொத்தா?" என்றான் மைத்துனன்.

"அவனுக்கு வழி எப்டி சார் தெரிஞ்சிது?" என்று கேட்டேன்.

"ஆப்பிரிக்கக் கரையில வழி தெரிஞ்ச மாலுமி ஒருத்தர் கிடைச்சார். கள்ளிக்கோட்டைக்கு அவர்தான் கூட்டி வந்தார்."

அந்த மாலுமி இடத்தில் நான் இருந்திருந்தால் பறங்கி இன்னும் ஆப்பிரிக்காவைத்தான் சுற்றிக்கொண்டிருப்பான்.

அடுத்துக் கேட்டார்: "உங்க வலை அடிக்கடி மாட்டுற இடம் எது? பறங்கிக் கப்பல் ஏதாவது அங்க முழுகியிருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. வலை மாட்டும் இடம் பார்தானே! விசைப்படகுக்காரன் அனுப்பிய ஆள் என்று முடிவுகட்டினேன். மறுத்தால் வேறு மரத்தில் போவார். நானே ஏற்றிப் போய் வெறும் மணல்தரையைக் காட்டிவிட நினைத்தேன்.

மூவரும் கடலில் இறங்கினோம். அன்று பார்த்து நீரோட்டம் எங்களைப் பாரின் மேலேயே தள்ளியது. பார்மேல் போகும்போது தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். மைத்துனன் பழக்கதோஷத்தில் கும்பிட்டுவிட்டான்.

"இங்க யாரைக் கும்பிடுறீங்க?" என்றார் பேராசிரியர் சட்டென்று.

நானும் துண்டை அவிழ்த்தேன். "கடலம்மாவ சார். நாங்க வழி நெடுக கும்புட்டுகினுதான் போவோம்."

சொன்னதற்காக அலைக்கு அலை கும்பிட்டோம்.

"கை வலிக்குது மச்சான்."

"வாய மூடிகினு கும்புடுறா."

"இவ்வளவு பக்தியை நான் பார்த்ததே இல்லை," என்றார் அவர். சிரித்தாரா, வாந்தியை அடக்கினாரா, தெரியவில்லை.

கரை சேர்ந்ததும், "நாளைக்கும் போகலாமா?" என்றார். நான் கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப்போட்டேன். இனி அவை காயும்வரை பயணம் கிடையாது.

அந்தப் பருவம் முழுக்க எங்கள் பார் பக்கம் ஒரு விசைப்படகும் வரவில்லை.

"அந்தாளு நல்லவரு மச்சான். நீதான் சும்மா சந்தேகப்பட்ட," என்பான் மைத்துனன்.

நல்லவராகவே இருக்கட்டும். பாரைக் காப்பாற்றியது நான்.