கிளப்புக்குப் போன பரங்கிக்காய்

மதுரைக்குப் படிக்க வந்த கதையை எழுதுகிறவர்கள் எல்லாரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததில்தான் ஆரம்பிக்கிறார்கள். நல்லது, பார்த்துக்கொள்ளட்டும். என் ஞாபகமெல்லாம் சோற்றிலேயே நிற்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், நாலாம் பாரத்தில், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பில், சேர வந்தேன். ஊர் திருவாதவூர்ப் பக்கம். என்னைப் பெற்ற அய்யா அங்கே ஒரு பண்ணையில் ஏர் ஓட்டினார். அவருக்குப் பிறகு அந்த மேழியைப் பிடிக்கப் பண்ணையார் என்னைத்தான் குறித்து வைத்திருந்தார். அதையும் மீறி அனுப்பிய அய்யா, ஒன்றே ஒன்று சொன்னார்: "சோத்துக்குத் தட்டழியிறேன்னு காதுல விழுந்துச்சு, அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவேன். பட்டினி கெடந்து ஒண்ணும் படிக்க வேணாம்." பிரியமாகத்தான் சொன்னார். ஆனால் திரும்பிப் போனால் எனக்கு ஏர்தான்.

வைகைக் கரையில் எங்கள் சனம் இருந்த குடிசைகளில், மில்லில் கூட்டிப் பெருக்கும் மாமா ஒருவரோடு தங்கினேன். தனிக்கட்டை. ஒருவேளைதான் பொங்குவார், அதுவும் தோன்றினால். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் சமயநல்லூர்ப் பையன், வசதியான வீடு. வந்த அன்றே என்னை 'மாப்ள' ஆக்கிவிட்டான். "எங்க சாப்பிடுற மாப்ள? நம்ம கிளப்புக்கு வா" என்று தோளில் கைபோட்டு இழுத்துப் போனான். காசு அவன் கணக்கில். சாப்பாட்டுக் கடையை அப்போது கிளப் என்பார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன், கூட வந்தவன் பெரிய வீட்டுப் பையன். யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

வரிசையாகப் பலகை, வாழையிலை, சுடுசோறு. இன்னொருவர் முழங்கை என் முழங்கையில் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. சந்தைக்கு வந்த ஊர்க்காரர் ஒருவரிடம், 'எல்லாரோடும் ஒரே வரிசையில் சாப்பிடுகிறேன், அய்யாவிடம் சொல்லுங்கள்' என்று பெருமையாகச் சொல்லியனுப்பினேன்.

சொல்லியனுப்பிய மறுநாளே வந்தது வினை. வழக்கமாக இலைக்கு ஒரு டம்ளர் இருக்கும். அன்று கூட்டம், டம்ளர் போதவில்லை. பரிமாறுகிறவர் செம்போடு வந்து, "தண்ணி வேணுமா?" என்றார். விக்கல் எடுத்துக்கொண்டிருந்த நான் தலையாட்டினேன். அவர் செம்பைச் சாய்க்கும் முன்பே என் உடம்பு தன் வேலையைப் பார்த்துவிட்டது. பலகையை விட்டு இறங்கி, ஓரமாய்க் குந்தி, குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து வாயோடு ஒட்டி ஏந்தினேன். பிறந்ததிலிருந்து பண்ணை வீட்டுக் கொல்லையில் அப்படித்தானே குடித்திருக்கிறேன்.

கிளப்புக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். என் பதில் அவருக்குத் தேவைப்படவில்லை. "இலையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு. நாளையிலிருந்து வர வேணாம்" என்றார். சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. தங்கமான மனுஷன் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். நான் வாசலைத் தாண்டுமுன் உள்ளே சாணி கரைக்கும் சத்தம் கேட்டது.

தோளில் கைபோட்டவன் மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு என்னிடம் பேசினால் 'வாங்க, போங்க'தான். அம்புட்டு மரியாதை!

மாமாவின் கஞ்சியில் பாதியும் குழாய்த் தண்ணீருமாக நாள் போனது. பள்ளிக்கூடம் விடும் வரை கண் இருட்டும். ஊருக்கு மட்டும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அய்யா வந்து நின்றார். இருட்டோடு கிளம்பி நடந்தே வந்திருக்கிறார். தலையில் சாக்கு, அதற்குள் எங்கள் கூரையில் காய்த்த பரங்கிக்காய்கள்.

"ஒனக்குச் சோறு போடுற புண்ணியவான ஒரு எட்டுப் பாத்து இதக் குடுத்துட்டு வாரேன். கிளப்பக் காட்டு."

"இன்னைக்கு லீவுய்யா."

"ஞாயித்துக்கெழமை மனுசனுக்குப் பசிக்காதாடா?" என்று சிரித்துக்கொண்டே நடந்தார். வேறு வழியில்லாமல் காட்டினேன்.

கிளப்புக்கு எதிரே தெருவில் நின்று, தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, "சாமி" என்று கூப்பிட்டார். கிளப்புக்காரர் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், அய்யாவைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால் போதும், அன்று மாலையே நான் பண்ணையில் இருப்பேன்.

"நம்ம பயலுக்குச் சோறு போடுறீக. சாமி நல்லா இருக்கணும்" என்றார் அய்யா.

"ம். படியோரமா வையி" என்றார் அவர். பரிமாறுகிறவர் வந்து காய்மேல் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போனார்.

அய்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியா, நம்ம காய அடுப்படிக்கே கொண்டு போறாக" என்றார். கிளப்புக்காரர் மேல் வந்ததைவிட அய்யா மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. தெருமுனை வரை வந்தவர் நின்றுகொண்டார். "நீ போயிச் சாப்பிடு. நீ உள்ள போறதப் பாத்துட்டு நான் போறேன்."

எவ்வளவு சொல்லியும் நகரவில்லை. நான் திரும்பி நடந்தேன். கிளப்பை ஒட்டி எச்சில் இலை கொட்டும் சந்து ஒன்று இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் கிளப்பின் வாசல் மாதிரிதான் தெரியும். அதற்குள் நுழைந்து சுவரோடு ஒட்டி நின்றேன். நாய்கள் இலைக்கு அடித்துக்கொண்டிருந்தன. அய்யா போயிருப்பார் என்று தோன்றும்வரை அங்கேயே நின்றேன்.

மகன் கிளப்புக்குள் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொன்னார் அய்யா. சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.