எதில் பட்டு வந்தது குண்டு

கோட்டையில் கொடி மாறியதில் எனக்கு உண்டான ஒரே நஷ்டம், இன்னொரு பாஷை கற்க வேண்டி வந்ததுதான். பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்தவரை துபாஷி என்று தலைநிமிர்ந்து நடந்தேன். என் வாப்பா அவர்களுக்குத் துணி பிடித்துக் கொடுத்தவர். அவர் பக்கத்தில் நின்று நின்றே ஒல்லாந்தர் பேச்சு எனக்கு வந்துவிட்டது. பிறகு இங்கிலீஷ்காரர்கள் வந்து அந்தக் கொடியை இறக்கித் தங்களுடையதை ஏற்றினார்கள். புதுத் துரை என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கேள்வி புரிந்ததே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

அதற்கு மேல் நிறைய வேண்டியிருந்தது. இங்கிலீஷில் ஒரு வார்த்தையின் வாலில் இன்னொரு பொடி வார்த்தையைக் கட்டிவிட்டால் அது வேறு ஆளாகிவிடுகிறது. 'கிளான்ஸ்' என்றால் ஓரக்கண்ணால் பார்ப்பது என்று கற்று வைத்திருந்தேன். ஒருநாள் பீரங்கிக்காரன் ஒருவன், குண்டு மதிலில் 'கிளான்ஸ் ஆஃப்' ஆகிவிட்டது என்றான். குண்டு எதற்கு மதிலை ஓரக்கண்ணால் பார்க்கிறது என்று கேட்டேன். அவன் சிவந்த முகமும் பெரிய வயிறும் உள்ளவன். பொறுமைசாலி. சிரிக்காமல் என்னை மதிலோரம் கூட்டிப்போய்க் கல்லெடுத்து எறிந்து காட்டினான். நேராக எறிந்த கல் மோதி அவன் காலடிக்கே திரும்பியது. அது 'பவுன்ஸ் ஆஃப்'. சாய்த்து எறிந்தது மதிலை உரசி வழி மாறிப் போனது. அது 'கிளான்ஸ் ஆஃப்'. போன வேகத்தில் ஒல்லாந்தர் கல்லறை வாசலில் செதுக்கியிருந்த எலும்புக்கூட்டின் முழங்காலில் போய் அடித்தது. அதற்கும் ஏதோ ஒரு வார்த்தை சொன்னான், நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நமக்கும் வார்த்தை இல்லாமல் இல்லை. ஆனால் தெறித்தது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நாம் பாட்டுக்கு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். எதில் பட்டு என்று யாரும் குடைவதில்லை. அப்படிக் குடையாமல் இருப்பதில் எத்தனை குடும்பங்கள் பிழைக்கின்றன என்பது அந்த வருஷம் இறால் காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

ஏரி மீனவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஏரியை இடம் இடமாகப் பிரித்து, எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அவரவர் முறைக்குப் பாடு என்று பேர். காற்றோ தண்ணீரோ கெடுத்தால் அந்த முறை போனது போனதுதான். இன்னொருவன் கெடுத்தால், கெடுத்தவன் தன் முறையை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் முறை இழந்தவன் தன் வாயால் ஆளைக் காட்டினால்தான் ஊர்ப் பெரியவர்களான நாட்டார்கள் தீர்ப்புச் சொல்வார்கள். ஊரே பார்த்திருந்தாலும் அவன் சொல்லாதவரை யாரும் பார்க்காத கணக்குதான்.

துரை பீரங்கிப் பயிற்சி வைக்கும் நாளில் கோட்டைக்கு எதிரே உள்ள இடத்தைக் காலியாக விடவேண்டும். முந்தின நாள் வலை கட்டியவர் அதற்கு ஊன்றிய கழிகளைப் பிடுங்கிவிட வேண்டும். அப்படி ஒரு பயிற்சி நாளில் ஏரியில் நிறுத்தியிருந்த ஓட்டைப் படகைக் குறிவைத்து நம் சிவந்த முகத்துக்காரன் சுட்டான். குண்டு எதிலோ பட்டுத் திரும்பி, பக்கத்து இடத்தில் வலை கட்டியிருந்தவன் வலையைக் கிழித்து, படகின் விளிம்பையும் உடைத்துக்கொண்டு போனது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் முறை போயிற்று. அடுத்தது வருவதற்குள் இறாலும் போய்விடும். அதை நம்பித்தான் அவன் வீட்டில் உலை வைக்க வேண்டும்.

கோட்டை வாசலில் விசாரணை. துரை மேஜை போட்டு உட்கார்ந்தார். நாட்டார்களும் வந்து ஓரமாக மணலில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கும் அதே பதில்தான் வேண்டியிருந்தது. துரையிடம் கணக்கு சுலபம். குண்டு தண்ணீரில் பட்டுத் திரும்பியிருந்தால் பீரங்கிக்காரன் தாழ்த்திச் சுட்டுவிட்டான், அவனுக்குச் சவுக்கடி. வேறு எதிலாவது பட்டிருந்தால் அவன்மேல் குற்றமில்லை. அவனைக் கேட்டால் புகையில் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றான்.

மீனவனைக் கேட்டேன். "தெறிச்சி வந்துது" என்றான். மொழிபெயர்த்தேன். எதில் பட்டு என்றார் துரை. அதைக் கேட்டேன். தெறித்துத்தான் வந்தது என்று மறுபடியும் சொல்லிவிட்டு மணலைப் பார்த்தான். துரை மேஜையைத் தட்டினார்.

அவன் ஏன் மென்று முழுங்கினான் என்பது துரையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கோட்டை எதிரே முந்தின நாள் வலை கட்டியவர் அவனுடைய மாமன், அக்காள் புருஷன். ஒரு கழியைப் பிடுங்காமல் விட்டிருந்தார். அதன் தலை இப்போது இல்லை. அவருடைய அடுத்த முறை வரும் அமாவாசைக்கு. வீடு நிறையப் பிள்ளைகள். கழி என்று இவன் சொன்னால் அக்காள் வீட்டு அமாவாசை இவனுக்கு வந்துவிடும். மாமன் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார், அந்த அக்காளும் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணியில பட்டுதான் வந்துது" என்றான்.

நாட்டார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் 'பவுன்ஸ் ஆஃப்' போட்டுத் துரையிடம் சொன்னேன். சுத்தமாக வந்தது. துரை தலையசைத்தார். சிப்பாய்கள் பீரங்கிக்காரனின் சட்டையைக் கழற்றிப் பீரங்கிச் சக்கரத்தோடு கைகளைக் கட்டத் தொடங்கினார்கள். அவன் முதுகு முகத்தைப் போல் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. அந்த வார்த்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்.

மீனவன் என் பக்கம் குனிந்தான்.

"அவர இன்னா பண்ணப் போறாங்க, மரைக்காயரே?"

சவுக்கால் அடிக்கப்போகிறார்கள் என்றேன். எதற்கு என்றான். தண்ணீரில் சுட்டதற்கு என்றேன். அவன் முகம் செத்துவிட்டது. வாயைத் திறந்தான். மாமன் பக்கம் பார்த்தான். மூடிக்கொண்டான். அக்காளைப் பார்க்கவே இல்லை. சவுக்குக்காரன் சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தான்.

மாமன் எழுந்து நின்றார்.

"தண்ணி இல்ல. என் கழி. புடுங்காம வுட்டது நான். அதுல பட்டுதான் மச்சான் பக்கம் போச்சு."

இவர் என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். கழியில் 'கிளான்ஸ் ஆஃப்' என்று அவசரமாகச் சொன்னேன். அப்படியானால் முதலில் தண்ணீர் என்றது யார் என்று முறைத்தார். என் இங்கிலீஷ் இன்னும் சரியாக வரவில்லை, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். துரை உடனே நம்பினார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

கட்டை அவிழ்த்தார்கள். பீரங்கிக்காரன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து நீளமாக ஏதோ சொன்னான். ஒரு வார்த்தை விளங்கவில்லை. நன்றி சொல்ல வேண்டிய ஆள் அங்கே இருக்கிறார் என்று கையைக் காட்டினேன். இழந்தவன் சொல்லவில்லை, ஆனால் கெடுத்தவனே ஒத்துக்கொண்டான், இனிப் பேச என்ன இருக்கிறது என்று நாட்டார்கள் அமாவாசை முறையை மீனவனுக்கு மாற்றிவிட்டு எழுந்தார்கள். அக்காள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலையில் இறால் வாங்கத் துறைக்குப் போனேன். வேடிக்கை பார்க்கவும்தான், பொய் சொல்வானேன். மீனவன் படகு வந்தது. அதில் மாமனும் இருந்தார். யார் முறை என்பதற்குத்தான் வழக்கம் இருக்கிறது, யார் படகில் யார் ஏறலாம் என்பதற்கு இல்லை. அக்காள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். கையில் காலிக் கூடை. நல்ல பாடு, படகு நிறைய இறால். மீனவன் இறாலை மணலில் கொட்டிச் சரிபாதியாக ஒதுக்கினான்.

"இது உன் முறை" என்றாள் அக்காள்.

"முறதான் என்னுது. இறா யாருதுனு நாட்டாரு ஒண்ணும் சொல்லலியே" என்றான்.

அவள் கூடையை நீட்டினாள்.