வாசல் பலகையில் ஒஜிப்வே

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேணில் அது எங்களுக்கு இரண்டாவது ஈஸ்டர் விடுமுறை. கனடாவிலிருந்து ஓர் ஓவியர் சிட்னிக்கு வந்து கண்காட்சி வைக்கிறார் என்று அலுவலகத்தில் ஒருத்தி சொன்னாள். நான் படவரைஞர், கோடு என்றால் எங்கும் போவேன். கணவர் சிவத்துக்கு ஒப்பேரா ஹவுஸ் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு காரணத்தோடு பகல் ரயில் ஏறினோம்.

ஏறத்தாழ 960 கிலோமீட்டர், பதின்மூன்று மணித்தியாலம். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போனதால் தப்பினோம்.

மறுநாள் காலை ஒப்பேரா ஹவுஸ். பிற்பகல், சென்ட்ரல் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய ஒரு தேவாலய மண்டபம். திறக்க முன்னரே போய், பக்கக் கதவால் உள்ளே நுழைந்துவிட்டோம். சுவரெல்லாம் படங்கள். தடித்த கறுப்புக் கோடுகளுக்குள் மீன், கரடி, பறவை. உடம்பின் உள்ளே இருப்பதும் வெளியே தெரிகிறது. ஒன்றின் வாயிலிருந்து புறப்பட்ட கோடு இன்னொன்றின் நெஞ்சில் போய் முடிகிறது.

அந்த ஓவியங்களை வரைந்த லோரா, நாற்பது வயதிருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார். வாசல் பலகையில் ‘செவ்விந்தியர் ஓவியங்கள்’ என்று எழுதியிருந்ததுதான் பிரச்சினை.

“எல்லாருக்கும் தெரிந்த பெயர்தானே? அதைப் பார்த்துத்தான் சனம் வரும்” என்றார் கண்காட்சியின் ஏற்பாட்டாளர், கெஞ்சாத குறையாக.

“அது யாரோ எங்களுக்கு வைத்த பெயர். நாங்கள் ஒஜிப்வே மக்கள். இந்தக் கோடுகளைக் கண்டால் என் ஆட்கள் உடனே தங்களுடையது என்பார்கள். வாசலில் வேறு பெயரைப் போட்டுவிட்டு இவற்றை இங்கே தொங்கவிட மாட்டேன்.”

இவ்வளவு தூரம் வந்து ஒரு படமும் விற்காமல் திரும்பினால் நட்டம் அவருக்குத்தான். ஆனாலும் கழற்றும் கை நிற்கவில்லை.

“வாரும், போவம். இது அவையின்ர பிரச்சினை” என்றார் சிவம் என் காதுக்குள்.

“கொஞ்சம் பொறுங்கோ.”

ஏற்பாட்டாளரிடம் போனேன். “பலகையைத் திருப்பி மறுபக்கத்தில் எழுதட்டுமா? எனக்கு அது தொழில்.”

அவர் வெளியே பார்த்தார். ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். “சரி, சீக்கிரம் எழுதுங்கள்.”

லோரா தன் தூரிகையையே தந்து, எழுத்தெழுத்தாகச் சொன்னார். நிமிர்ந்து பார்த்தால், சிவம் கதிரையில் ஏறிப் படங்களைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறார்!

கதவு திறந்ததும் வந்த ஒரு முதியவர் லோராவிடம், “நீங்கள் செவ்விந்தியரா?” என்றார்.

“ஒஜிப்வே.”

“ஓஜி... என்ன?”

லோரா பொறுமையாகத் திருப்பிச் சொன்னார். மூன்றாம் தரம் முதியவருக்குச் சரியாக வந்தது. அவர் எதுவும் வாங்கவில்லை. ஆனால் வெளியே காத்திருந்த மனைவிக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் காட்டியது எங்களுக்கும் கேட்டது. லோரா அப்போதுதான் உட்கார்ந்தார்.

சிட்னி போகிறவர்கள் ரயிலில் ஜன்னலோரம் பிடியுங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள். கண்காட்சி எதற்குப் போனாலும் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். ஓவியரின் பெயரோடு அவருடைய மக்களின் பெயரையும் கேளுங்கள். வாயில் சரியாக வராவிட்டால் வெட்கப்படாமல் இன்னொரு தரம் சொல்லிப் பாருங்கள்.