ரதி வேஷத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்

ராமையா அண்ணன் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார் என்று என் மகள் ஓடிவந்து சொன்னபோது, நான் கண்ணாடி முன்னால் மீசையைக் கையால் மறைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். மீசையை எடுத்தால் ரதி மாதிரி இருப்பேனா என்று. கையை எடுக்கவே தோன்றாமல் அப்படியே நின்றேன்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசி வீடு அவருடையது. வயது நாற்பத்தேழு. தேயிலைப் பேக்டரியில் கொழுந்து வாட்டுகிற வேலை. மாசி மாதக் காமன் கூத்தில் பதினாறு வருடமாக அவர்தான் ரதி. மன்மதன் எரிந்ததும் அவர் அழுகிற அழுகைக்குக் கங்காணியே மூக்கைச் சிந்துவார். நான் தூதன். ஓலையைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பவன்.

"அண்ணே, ஒரு வருசம் எனக்கு விடுங்களேன்" என்பேன்.

"ஒன் இடுப்புக்கு ரெண்டு சேலை வேணும்டா தம்பி. தோட்டம் தாங்காது" என்பார்.

போன வருடம் பேக்டரியை மூடினார்கள். கொழுந்து பறிக்கிற மலையிலும் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. பதுளை டவுனில் வேலை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினார்.

"இளந்தாரிதான் வேணுமாம். வீட்ல சும்மா திங்கிற வாய் நான் ஒருத்தன்தான் தம்பி" என்றார் ஒருநாள்.

"அதான் ரதி பெருத்துட்டாங்க" என்றேன் நான். அவரும் சிரித்தார்.

இந்த மாசி பிறந்ததும் சேலையையும் சலங்கையையும் மடித்துக் கொண்டுவந்தார். "இந்த வருசம் நீ கட்டு." ஏன் என்று நான் கேட்கவில்லை. மனம் மாறிவிடுவாரோ என்ற அவசரத்தில் வாங்கி உள்ளே வைத்தேன். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவும் மறந்தேன்.

சாவு வீட்டில் அண்ணி கேட்டார்: "அந்தச் சேலைய யாரையும் தொடவே விடமாட்டாரே. நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கல அண்ணி. சந்தோசத்துல இருந்துட்டேன்."

"என்கிட்ட சலவைக்குப் போட்டிருக்குன்னாரு. நானும் நம்பிட்டேன்."

வேலை போனதாலா? வேலை போனவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே. அந்தச் சிரிப்பு நிஜமா? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? எட்டாம் வகுப்புப் படித்த மூளைக்கு எதுவும் பிடிபடவில்லை. படித்தவர்களுக்குப் பிடிபடுமா என்றும் தெரியவில்லை.

நேற்று, அவரோடு பேக்டரியில் வேலை இழந்த செல்லையா வாசலோடு போனார். கூப்பிட்டு நிறுத்தி, "செத்துரலாம்னு எப்பவாச்சும் தோணுதா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார். இரண்டு எட்டு நடந்தார். பிறகு திரும்பி வந்து என் படியில் உட்கார்ந்தார். எழும்ப வெகுநேரம் ஆனது.

அண்ணே, உங்களிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டேன். பிந்திப்போனதற்கு மன்னியுங்கள்.