மேளத்தை நிறுத்தச் சொன்னவர்

மாலை போட்டவர்கள் தங்கும் தசரா குடிலுக்குள் நுழையுமுன் டாக்டரம்மா செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். என் கண்ணால் பார்த்தேன். செருப்புக் காலோடு நுழைந்தார் என்று எங்கள் ஊர் இன்றைக்கும் சொல்கிறது.

தாமிரபரணிக் கரையில் எங்கள் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அவர்தான். பிறகு, குடியும் ஒரு நோய் என்று சொல்லி அதற்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். குடிகாரர்களோடு உட்கார மாட்டோமென்று கர்ப்பிணிகள் டவுனுக்குப் போனார்கள். 'குடிகார டாக்டர்' என்று பட்டம் வேறு. "குடிக்காமலே பேரு வாங்கிட்டேம்லா!" என்று சிரிப்பார்.

ஒவ்வொரு தசராவுக்கு முன்னும், மாலை போட்டு விரதமிருக்கப் போகிறவர்களிடம் அவர் கெஞ்சியது ஒன்றுதான். "குலசை அம்மனுக்கு மாலை போடுங்க, வேண்டாங்கல. ஆனா தெனம் குடிக்கவன் சட்டுன்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்து. முதல்ல எங்கிட்ட வாங்க."

அந்த வருடம், விரதத்தில் மாத்திரையா என்று அப்பா போகவில்லை. விடிந்ததும் குடிக்கிற மனிதர், மாலை போட்ட அன்றே அடியோடு விட்டார். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் ஆடியது. இல்லாத பூச்சிகளைத் தட்டிவிட்டார். அம்மன் இறங்கிவிட்டாள் என்று மேளத்தை ஏற்றினார்கள், காலில் விழுந்து குறி கேட்டார்கள். அம்மாதான் பயந்துபோய் டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

"ஏலே, மேளத்த நிறுத்துங்க! இவன் சாவக் கெடக்கான்!" என்று குடிலுக்குள் வந்ததுமே கத்தினார் டாக்டரம்மா.

"அம்மன எடுத்தெறிஞ்சு பேசாதிய," என்றார் குடில் தலைவர். "சனங்க குறி கேட்டு முடிக்கட்டும்."

"கேளுங்க அண்ணாச்சி. இவன் பொண்டாட்டிக்குத் தாலி நிக்குமான்னு கேளுங்க."

அப்போதே அப்பா வலிப்பு வந்து விழுந்தார். அங்கேயே ஊசி போட்டு, தன் காரிலேயே கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார் டாக்டரம்மா. பிறகு மாதக்கணக்கில் வரவழைத்துப் பேசி, குடியையும் மறக்கடித்தார். ஊரோ, அம்மனை ஊசி போட்டு விரட்டியவள் என்று காய்ச்சலுக்குக்கூட அவரிடம் போவதை விட்டது. அப்பா வாயைத் திறக்கவில்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த வருடம் குடிலுக்கு அப்பாதான் தலைவர். காலையிலேயே மதுக்கடை வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மாலை போட்டுவிட்டு, "எனக்கு அம்மன்தான் நிறுத்துனா. நீயும் இன்னையோட விடுலே," என்றார்.

"ஊசியும் அம்மனா போட்டா?" கூட்டத்துக்கு நடுவிலேயே கேட்டேன்.

"வீட்டுல மொதல்ல படிச்சவம்னா சாமியே பொய்யாலே ஒனக்கு?"

"சாமி பொய்யின்னு அந்தம்மா ஒருநாளும் சொல்லல. நீங்கதாம் பொய் சொல்லுதிய."

கன்னத்தில் அறை விழுந்தது. எரிச்சலோடு அண்ணனை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார்.

"மாலையக் கழத்தணுமா?" என்று அண்ணன் தயங்கினான்.

"எதுக்கு? அது பாட்டுக்குக் கெடக்கட்டும். கடைசியா எப்பக் குடிச்சிய?"